எந்த நீராவி என்ஜின் ரொம்பப் பிரபலம்?

ஒரு காரின் பெயர் சொல்லுங்கள் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பத்துப் பெயர் சொல்லும். பைக் என்றால் இருபது வரும். ஒரு நீராவி ரயில் என்ஜினின் பெயர் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் அருப்புக்கோட்டையில் தெரிந்தவர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். வயதானவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "கரி என்ஜின்". அது பெயர் இல்லையே, வகைதானே என்றால், "அதுக்கு எதுக்குப்பா பேரு, வந்துச்சு, போச்சு" என்றார்கள். என் வயதுக்காரர்கள் சொன்னது ஊட்டி ரயில். ஒருவன் மட்டும் ஹாரி பாட்டர் ரயில் என்றான்.

யோசித்துப் பார்த்தால் இந்த மூன்று பதிலுக்குள்ளேயே விஷயம் முழுவதும் இருக்கிறது. எந்த என்ஜின் வேகமானது, எது பலமானது என்பதைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எது பிரபலமானது என்பது அப்படி இல்லை. அது என்ஜினைப் பற்றிய கேள்வியே கிடையாது, நம்மைப் பற்றிய கேள்வி.

முதலில் வெளிநாட்டுக் கதை

உலக அளவில் பார்த்தால் முதலில் வருவது ராக்கெட். ஜார்ஜ் ஸ்டீபன்சனும் அவர் மகன் ராபர்ட்டும் செய்தது. 1829இல் இங்கிலாந்தில் ரெயின்ஹில் என்ற இடத்தில் நடந்த போட்டியில் ஜெயித்தது. நம் பாடப் புத்தகங்களில் ரயிலைக் கண்டுபிடித்தவர் ஸ்டீபன்சன் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உண்மையில் ரிச்சர்ட் டிரெவிதிக் என்பவர் 1804லேயே தண்டவாளத்தில் நீராவி என்ஜினை ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனாலும் பெயர் ஸ்டீபன்சனுக்குத்தான். முதலில் செய்தவருக்கும் பெயர் வாங்கியவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

அடுத்தது ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன். 1923இல் கட்டியது. 1934இல் மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டியதாக முறைப்படி பதிவான என்ஜின். அதன் தம்பி மாதிரி மல்லார்ட். 1938 ஜூலை 3ஆம் தேதி மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் வேகத்தில் போய் நீராவி என்ஜின்களில் உலக சாதனை படைத்தது. வேகத்தில் மல்லார்ட் பெரியது. ஆனால் பொதுமக்களிடம் அதிகம் அறிமுகமானது ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்தான். காரணம், அதே பெயரில் லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் நடுவில் ஒரு ரயிலும் ஓடியது. டிக்கெட் வாங்கும் ஆட்கள் வாயில் தினமும் அந்தப் பெயர் புழங்கியது.

குழந்தைகளைக் கேட்டால் இந்த மூன்றையும் தள்ளிவிட்டுத் தாமஸ் என்பார்கள். ஆட்ரி என்ற பாதிரியார் எழுதிய கதையில் வரும் நீல நிற என்ஜின். தாமஸ் வரும் முதல் புத்தகம் 1946இல் வந்தது. அப்படி ஒரு என்ஜின் உலகத்திலேயே கிடையாது! ஹாரி பாட்டர் படத்தில் வரும் சிவப்பு என்ஜினாவது நிஜம். அதன் சொந்தப் பெயர் ஓல்ட்டன் ஹால், 1937இல் செய்தது. சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. வேஷம் போட்ட பெயரைச் சொன்னால் உலகத்துக்கே தெரியும்.

இரண்டு சகோதரிகள் கதை

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஃபேரி குயின் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் கிட்சன் கம்பெனியார் 1855இல் செய்து, கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்தது. கிழக்கிந்திய ரயில்வேயில் அதன் எண் 22. ஹவுராவுக்கும் ராணிகஞ்சுக்கும் நடுவில் தபால் ரயில் இழுத்தது. 1857 கலகத்தின்போது சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போனது. 1909இல் ஓய்வு கொடுத்தார்கள். பிறகு ஹவுரா ஸ்டேஷன் வாசலில் காட்சிக்கு நின்றது. கடைசியில் டெல்லி ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய், 1997இல் மறுபடி உயிர் கொடுக்கப்பட்டு, டெல்லியிலிருந்து ஆல்வாருக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. உலகிலேயே ஓட்டத்தில் இருக்கும் மிகப் பழைய நீராவி என்ஜின் என்று 1998இல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத பாதி இனிமேல்தான்.

22 என்று ஒரு எண் இருந்தால் 21 என்று ஒன்று இருந்திருக்க வேண்டும் இல்லையா? இருந்தது. அதே வருடம், அதே கம்பெனி, அதே அமைப்பு. அதற்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அதையும் 1909 வாக்கில்தான் ஓரங்கட்டினார்கள். ஆனால் அது நின்ற இடம் பீகாரில் ஜமால்பூர் பணிமனை. நூறு வருடத்துக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. 2010இல் சென்னை பெரம்பூர் லோகோ ஒர்க்ஸுக்குக் கொண்டுவந்து, கிட்டத்தட்ட இரும்புக் கூடாக இருந்ததைச் சீர்செய்து, அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை ஓட்டினார்கள். நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் செய்த வேலை இது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011இல் ஃபேரி குயினின் பாகங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனபோது, அதற்கு மறுவாழ்வு கொடுத்ததும் இதே பெரம்பூர்தான்.

ஒரே நேரத்தில் பிறந்த இரண்டு என்ஜின்கள். ஒன்று எல்லா வினாடி வினாவிலும் வருகிறது. மற்றதைத் தமிழ்நாட்டிலேயே பலருக்குத் தெரியாது. உழைப்பில் வித்தியாசம் இல்லை. ஒன்று ஊர் பார்க்கும் இடத்தில் நின்றது, மற்றது பணிமனைச் சுவருக்குள் நின்றது. ஃபேரி குயின் என்ற பெயரே 1895இல்தான் அதற்கு வைக்கப்பட்டது. அதுவரை நாற்பது வருடம் அது வெறும் 22தான். தேவதை ராணி என்று யாரோ ஒருவருக்குப் பெயர் வைக்கத் தோன்றியிருக்கிறது. அந்த ஒரு பெயருக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள்.

பிரபலமாக இருந்ததால் காப்பாற்றினார்களா, காப்பாற்றியதால் பிரபலமானதா என்று கேட்டால், இந்த இரண்டு சகோதரிகளை வைத்து என்னால் பதில் சொல்ல முடியும். கண்ணில் படும்படி காப்பாற்றியதால்தான் பிரபலமானது.

ஊட்டி ரயில்

தமிழ்நாட்டில் மட்டும் ஓட்டு எடுத்தால் ஊட்டி ரயில் என்ஜின்தான் முதலிடம். டெபாசிட் வாங்கக்கூட மற்றவற்றால் முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், ஊட்டி வரை 1908இலும் பாதை வந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். அதற்குள் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற வேண்டும். சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த பட்டைகளைப் பதித்து, என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். ஏறும்போது என்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. இந்த எக்ஸ் வகை என்ஜின்கள் ஸ்விட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்தில் செய்தவை. 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நாமே புதிதாகச் செய்யத் தொடங்கினோம். இருபத்தோராம் நூற்றாண்டில் புது நீராவி என்ஜின் செய்கிற இடம் நம் திருச்சியில் இருக்கிறது என்பது பெருமையான விஷயம்தானே?

இவ்வளவும் தெரிந்ததாலா ஊட்டி ரயில் பிரபலம்? இல்லை. "மூன்றாம் பிறை" (1982) படத்தின் கடைசிக் காட்சியால். கேத்தி ஸ்டேஷனில் கமல் செய்யும் கோமாளித்தனத்தைப் பார்த்து அழாத தமிழன் குறைவு. வட இந்தியர்களுக்கு மணிரத்னத்தின் "தில் சே" (1998) பாட்டு, ஷாருக் கான் ரயில் கூரையில் ஆடியது. டார்ஜிலிங் பொம்மை ரயிலுக்கு இதேபோல "ஆராதனா" (1969) படம் கிடைத்தது. டார்ஜிலிங் பாதையை 1999இலும் நீலகிரிப் பாதையை 2005இலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. யுனெஸ்கோ முத்திரை குத்துவதற்கு முன்பே சினிமா முத்திரை குத்திவிட்டது.

எங்கள் ஊர்ப் பக்கம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கரிசலும் செம்மண்ணும் கலந்த மானாவாரி பூமி. கம்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் மிளகாயும் பருத்தியும். கரி என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ரயில் இல்லை, சீமைக் கருவேல மரத்தை வெட்டிப் போடுகிற கரிமூட்டம்தான்.

மதுரைக்கு 1875இல் ரயில் வந்தது. அடுத்த வருடமே விருதுபட்டி வழியாகத் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. எங்கள் பக்கம் வர இன்னும் கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் ஆனது. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக மானாமதுரைக்கு மீட்டர் கேஜ் பாதை 1963-64இல்தான் திறந்தார்கள்.

அதனால் திருச்சுழியில் பிறந்த மிகப் பிரபலமான மனிதர் ரயில் ஏறியது மதுரையில். 1896 ஆகஸ்ட் 29. பதினாறு வயது வேங்கடராமன், அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, மதுரை ஸ்டேஷனில் திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் வாங்கினார். பழைய வரைபடத்தைப் பார்த்ததால் திருவண்ணாமலைக்கே ரயில் போகும் விஷயம் அவருக்குத் தெரியாது. வண்டியில் ஒரு மௌல்வி சொல்லித்தான் விழுப்புரத்தில் இறங்கினார். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்றது.

அந்தப் பயணத்தில் டிக்கெட் விலை அணாக் கணக்காக நிற்கிறது. பக்கத்து சீட்டில் இருந்தவர் யார் என்பதுகூட நிற்கிறது. எந்த என்ஜின் இழுத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பயணம் போனவர் பெரியவரானால் பயணத்துக்குப் புகழ் வரும், வண்டிக்கு வராது.

எங்கள் பாதை திறந்த அதே 1964இல் "பச்சை விளக்கு" படம் வந்தது. சிவாஜி அதில் ரயில் என்ஜின் டிரைவர். அந்த வருட டிசம்பர் 22 ராத்திரி புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் கடலோடு போனது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மானாமதுரை வழியாகத்தான் ராமேஸ்வரம் போக வேண்டும் என்பதால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது பக்கத்து வீட்டுச் சாவு. அவர்களைக் கேட்டால் போட் மெயில், தனுஷ்கோடி வண்டி என்று ரயில்களின் பெயர் வரும், என்ஜினின் பெயர் வராது. இன்றைக்கும் அப்படித்தான். அருப்புக்கோட்டை வழியாகச் சிலம்பு எக்ஸ்பிரஸ் போகிறது. அதை இழுப்பது என்ன என்ஜின் என்று யாருக்குக் கவலை?

சரி, உண்மையில் மீட்டர் கேஜ் பாதைகளில் உழைத்த என்ஜின்கள் எவை? பெரும்பாலும் ஒய்.பி., ஒய்.ஜி. என்ற இரண்டு வகை. ஒய்.பி. பயணிகள் வண்டிக்கு, ஒய்.ஜி. சரக்கு வண்டிக்கு. 1949 முதல் 1970களின் ஆரம்பம் வரை இந்தியாவுக்காக 871 ஒய்.பி.யும் 1074 ஒய்.ஜி.யும் செய்தார்கள். இதில் பெரும்பங்கு ஜாம்ஷெட்பூர் டெல்கோவிலும் சித்தரஞ்சனிலும் நம் ஆட்களே செய்தது. இரண்டும் சேர்த்து ஏறத்தாழ இரண்டாயிரம் என்ஜின். மிளகாய் மூட்டை, பருத்திப் பொதி, உர மூட்டை, பஞ்சம் பிழைக்கப் போன குடும்பங்கள் என்று நாடு முழுவதும் மீட்டர் கேஜில் சுமந்தது இவைதான். அந்த இரண்டாயிரத்தில் ஒன்றின் எண்ணைக்கூட நமக்குச் சொல்லத் தெரியாது.

கொஞ்சம் கணக்குப் பதிவியல்

நான் வணிகவியல் மாணவன். அதனால் இந்த விஷயம் எனக்குத் தேய்மானம் பாடத்தை ஞாபகப்படுத்துகிறது. ஒரு இயந்திரம் வாங்கினால் வருடா வருடம் அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் மிஞ்சுவது எறிமதிப்பு, அதாவது பழைய இரும்புக் கடைக்காரர் கொடுக்கும் விலை. ஒய்.பி.யும் ஒய்.ஜி.யும் இந்தப் பாடப்படியே நடந்துகொண்டன. உழைத்தன, தேய்ந்தன, பெரும்பாலானவை வெட்டப்பட்டு எடைக்குப் போயின.

ஃபேரி குயின் மட்டும் பாடத்தை மீறியது. உழைப்பு முடிந்த பிறகுதான் அதன் மதிப்பு ஏறியது. இதற்கும் வணிகவியலில் ஒரு சொல் உண்டு: நற்பெயர். கண்ணால் பார்க்க முடியாது, தொட முடியாது, ஆனாலும் சொத்து. ஒரு வேடிக்கையான விதியும் உண்டு. ஒரு நிறுவனம் தானாகச் சம்பாதித்த நற்பெயரைத் தன் கணக்கேட்டில் எழுதக் கூடாது. இன்னொருவர் காசு கொடுத்து வாங்கினால்தான் எழுதலாம். எங்கள் பக்கத்துக் கரி என்ஜின்கள் சம்பாதித்ததும் அப்படிப்பட்ட நற்பெயர்தான். பாட்டிகள் மனதில் இருக்கிறது, எந்த ஏட்டிலும் இல்லை. வாங்க ஆள் வரவில்லை, அதனால் எழுதப்படவும் இல்லை.

ஆகா ஓகோ என்று மட்டும் சொல்வதா?

பழசு எல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. நீராவி என்ஜின் போனதற்கு நியாயமான காரணம் உண்டு. எரிக்கிற நிலக்கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட இழுக்கிற வேலைக்கு வராது, மிச்சம் புகையாகவும் சூடாகவும் போய்விடும். தண்ணீர் இன்னொரு கஷ்டம். சின்ன என்ஜினான ஃபேரி குயினின் தொட்டியே 3000 லிட்டர். எங்கள் பக்கம் ஒரு குடம் தண்ணீருக்கு என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும். ஃபயர்மேன் வேலையோ சொல்லவே வேண்டாம். சித்திரை வெயிலில், பாய்லர் அடுப்புக்கு முன்னால் நின்று, ஆடுகிற வண்டியில் மண்வெட்டியால் கரி அள்ளிப் போட வேண்டும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் கண்ணில் கரித்தூள், வெள்ளைச் சட்டையில் கறுப்புப் புள்ளி.

1995 டிசம்பரோடு அகலப் பாதையில் வழக்கமான நீராவி ஓட்டம் நின்றது. மீட்டர் கேஜிலும் அந்தப் பத்தாண்டு முடிவோடு கிட்டத்தட்ட முடிந்தது. எங்கள் பாதையும் 2013இல் அகலப் பாதையாகத் திறந்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு ஒன்றில். கரி என்ஜின் ஓட்டியவர்கள், கரி அள்ளியவர்கள், கேட் கீப்பராக இருந்தவர்கள், அதில் மிளகாய் மூட்டை ஏற்றி அனுப்பியவர்கள் இன்னும் நம் ஊர்களில் சிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயது எழுபது, எண்பது. அவர்களிடம் இருப்பது மட்டும்தான் இந்தப் பாதையின் நீராவிக் கால வரலாறு. ஊட்டி ரயிலைப் பற்றி இனி யாரும் எழுதாவிட்டாலும் ஒன்றும் குறையாது. இவர்களிடம் கேட்காமல் விட்டால் போனது போனதுதான்.

ஆக, என் வரிசை

பொதுமக்களிடம் பிரபலம் என்ற கேள்விக்கு, நம் தமிழ்நாட்டுக்காரர்கள் நிலையிலிருந்து என் வரிசை இது.

1. ஊட்டி ரயிலின் எக்ஸ் வகை. காரணம்: சினிமா, சுற்றுலா, இன்னும் கண்ணெதிரில் ஓடுவது.
2. ஃபேரி குயின். காரணம்: நல்ல பெயர், நின்ற இடம், கின்னஸ்.
3. டார்ஜிலிங் பொம்மை ரயில் என்ஜின். காரணம்: இமயமலை, இந்திப் படம்.
4. ராக்கெட். காரணம்: பள்ளிப் பாடம்.
5. தாமஸும் ஹாரி பாட்டர் ரயிலும். காரணம்: குழந்தைகள்.

ஐந்துக்கும் எழுதிய காரணங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எதிலாவது "நிறையச் சுமை இழுத்தது" என்று வருகிறதா? வராது. புகழுக்குத் தேவை ஒரு பெயர், பார்க்க ஒரு இடம், சொல்ல ஒரு கதை. இந்த மூன்றில் முதல் இரண்டும் எங்கள் பக்கத்து என்ஜின்களுக்குக் கிடைக்கவில்லை. மூன்றாவது மட்டும் இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் ஒரு சாயந்திரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். என்ஜின் நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சொன்னால் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.